கேட்டதுக்கு மட்டும்

எங்கட சனத்தில புதுசா ஒருத்தரைக் கண்டால் முதல் கேள்வி என்ன? "எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில எவடம்?" அதுக்கும் மறுமொழி வந்திட்டால், "அப்ப நீங்கள் ஆரின்ர ஆக்கள்?" தேத்தண்ணி ஆறமுந்தி முன்னால நிக்கிற ஆளின்ர பூர்வீகம் முழுக்க எங்கட கையுக்குள்ள வந்திடும். ஜேர்மனிக்கு வந்து எத்தினையோ குளிர்காலம் போச்சுது, பிள்ளையளுக்குத் தமிழ் அரைவாசி மறந்து போச்சுது. இந்தக் கேள்வி மட்டும் எங்கட வாயை விட்டுப் போகேல்லை.

அந்த அக்கா என்னட்டை அதைக் கேக்கேல்லை. அண்டைக்கே எனக்குச் சந்தேகம் பிடிச்சிட்டுது.

பேர் சொல்ல மாட்டன். சொன்னால் இங்க கொலோன் பக்கத்தில கொஞ்சப் பேர், "ஓ, உவவோ!" எண்டு துவங்கிடுவினம். துவங்கினால் நிப்பாட்ட ஏலாது. எங்கட ஆக்கள் அவவுக்கு வைச்சிருந்த பேர் அமசடக்கு, எல்லாத்தையும் உள்ளுக்குள்ள அமத்தி வைச்சிருக்கிறவவாம். முகத்துக்கு முன்னால இல்லை, முதுகுக்குப் பின்னாலதான். முகத்துக்கு முன்னால எல்லாரும் "அக்கா, அக்கா" எண்டு குழைவினம். நானும் குழைஞ்சிருக்கிறன்.

அவ வேலை செய்தது ஒரு பெறூவ்ஸ்கொலெக்கில. வர்த்தகமும் தொழில்நுட்பமும் படிப்பிக்கிற கல்லூரி அது. பத்தாம் வகுப்பு முடிச்ச பிள்ளை அங்க மூண்டு வருசம் இருந்தால் கையில ஒரு தொழிலும் வரும், மேல படிக்கப் போற தகுதியும் வரும். முன் கட்டிடத்தில வர்த்தகம். அங்க படிக்கிற பிள்ளையள் சேட்டுக்கு இஸ்திரி போட்டு வடிவா வருவினம். முத்தத்தைத் தாண்டிப் போனால் பின் கட்டிடம், தொழில்நுட்பம். அங்க வாசல்லயே ஈயம் உருக்கிற மணம் மூக்கில அடிக்கும். ரெண்டு கட்டிடத்துக்கும் நடுவில, படிக்கட்டுக்குப் பக்கத்தில ஒரு சின்ன அறை. ஆர் எந்தப் படிப்புக்குப் போகலாம் எண்டு ஆலோசனை சொல்லிப் பதியிறது அதுக்குள்ளதான். அதுக்குள்ள இருந்தவதான் இவ.

என்ர மகள் மதுரா, பல்கலைக்கழகத்துக்குப் போற பிள்ளையள் படிக்கிற கிம்நாசியத்தில பதினொராம் வகுப்பில தட்டுப்பட்டு நிண்டிட்டாள். அவளை டொக்டர் ஆக்கிறதெண்டு நானும் மனிசனும் அவள் பிறக்கமுந்தியே முடிவெடுத்திட்டம். வாத்தியார் எங்களைக் கூப்பிட்டு, "இது சரிவராது, வேற வழி பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டார். எனக்குப் பூமி பிளந்த மாதிரி இருந்துது. வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. பிள்ளையின்ர படிப்பை முடிவு வரமுந்தி எங்கட ஆக்களிட்டைச் சொன்னால் கண்ணூறு பட்டிடும். தட்டுப்பட்டதைச் சொன்னால் அதை விட மோசம், சந்தோசப்படுவினம். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக் குசினியில பல்லுக் கொதி எண்டு லீவு கேட்டிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நசுக்கிடாமல் அந்தக் கல்லூரிக்குப் போனன்.

கதவைத் திறந்தால் உள்ளுக்குத் தமிழ் முகம். போச்சு, நாளைக்கு ஊரெல்லாம் தெரிஞ்சிடும்!

"வணக்கம், இருங்கோ" எண்டா. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

"அட, அக்கா எங்கட ஆளோ!"

"ஓம்."

அவ்வளவுதான். எந்த ஊர் எண்டு கேக்கப் போறா எண்டு நான் மறுமொழியைத் தயாராக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறன், அவ மதுராவின்ர புள்ளி அறிக்கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. நான் அவவைப் பாத்தன். நரைச்ச தலையை இறுக்கிக் கட்டியிருந்தா. பொட்டு இல்லை. கழுத்துவரை மூடின சுவெட்டர், தாலி கிடக்கோ இல்லையோ எண்டுகூடப் பிடிபடேல்லை. மேசையில ஒரு படம் இல்லை, ஒரு சாமி இல்லை. ஒரு மனிசர் இப்பிடி இருப்பினமோ? எங்கையாவது ஒரு ஓட்டை இருந்தால்தானே எட்டிப் பாக்கலாம்.

பேந்து என்னை விட்டிட்டு மகளைக் கேட்டா, "உங்களுக்கு என்ன படிக்க விருப்பம்?"

"எலெக்ட்ரோ" எண்டாள் இவள். வீட்டில சோறு அவிக்கிற மெசினைக் கழட்டிப் போட்டு எனக்கு அரிசி ஊறப்போட இடமில்லாமல் செய்யிறவள், வேற என்னத்தைச் சொல்லுவாள்.

"அக்கா, பெட்டைப் பிள்ளைக்கு உது சரிவருமோ? முன் கட்டிடத்தில வர்த்தகமெண்டாலும் எடுத்துத் தாங்கோவன்" எண்டன்.

"வர்த்தகத்திலயும் இடம் இருக்கு. பிள்ளை கேட்டது மற்றது."

"எங்கட ஆக்கள் வேற ஆராவது இங்க படிக்கினமோ?"

"அதை நான் சொல்ல ஏலாது."

"எங்களுக்குள்ள என்னக்கா?"

"டாட்டன்ஷுட்ஸ்" எண்டா. ஒருத்தரின்ர விபரத்தை மற்றவருக்குச் சொல்லக்கூடாதெண்டு ஜேர்மன்காரர் வைச்சிருக்கிற சட்டம். நல்ல பகிடி! தமிழ் ஆக்களுக்கு இடையில டாட்டன்ஷுட்ஸ் எண்டால் மழைக்க நிண்டு நனையாமல் வாற மாதிரியெல்லோ.

கேட்டதுக்கு மட்டும் மறுமொழி, அதுக்கு மேல ஒரு சொல்லுக் கூட வராது. அதுதான் அவ. வெளியில வரேக்க, "அம்மா, அவ நல்லவ" எண்டாள் மகள். "வாயை மூடு, உனக்கு என்ன தெரியும்" எண்டன்.

அதுக்குப் பிறகு ஒருநாள் ட்ராமில கண்டன். என்ர சிநேகிதி வசந்தியோட சாமான் பையளைத் தூக்கிக்கொண்டு ஏறுறன், இவ முன் சீற்றில இருக்கிறா. என்னைக் கண்டவ தலையை மட்டும் மெல்லமா ஆட்டிப்போட்டு யன்னலால வெளியில பாக்கத் துவங்கிட்டா. மகளின்ர விசயம் என்னாச்சு எண்டு ஒரு சொல்லுக் கேக்கிறாவோ? எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. என்ன எடுப்பு! ஒரு கதிரை கிடைச்ச உடன எங்களை அடையாளம் தெரியாமல் போட்டுதோ?

வசந்தி என்ர காதுக்கை வந்து, "உவவை உனக்குத் தெரியுமோ?" எண்டாள்.

"இல்லையே, ஆர் உவ?" எண்டன் நான். வசந்திக்கு மதுராவின்ர விசயம் தெரியாது, தெரியவும் கூடாது.

"உவதான் அந்தக் கொலெக்கில இருக்கிறவ. எங்கட பிள்ளையளை எல்லாம் வயர் பிடிக்கவும் ஆணி அடிக்கவும் அனுப்பிப்போட்டு, தன்ர மகனை ஹைடல்பேர்க்கில டொக்டருக்குப் படிப்பிக்கிறா. ஒரு வாய் திறக்க மாட்டா, பாத்துக்கொள்."

"மகனைக் கண்டனியோ?"

"என்ர மச்சாள் கண்டவள். இதே ட்ராமில, உயர்ந்த பெடியன், கையில தடிச்ச புத்தகம், இவவுக்குப் பக்கத்தில இருந்தவனாம்."

வீட்டை வந்து மனிசனிட்டைச் சொன்னன். "நானும் கேள்விப்பட்டனான். ஒரே பெடியனாம்" எண்டார். அவர் வேலை செய்யிற களஞ்சியத்திலயும் அந்தக் கதை இருக்குது. ஆரைக் கேட்டாலும் அந்த மகனைத் தெரியும். ஒருத்தர் அவன் கண்ணாடி போட்டவன் எண்டுவார், மற்றவர் அவன் வயலின் வாசிக்கிறவன் எண்டுவார். எனக்குச் சந்தேகம் நல்லா வேர் விட்டிட்டுது. அப்ப இதுதான் சங்கதி. எங்கட பிள்ளையள் மேல வரக்கூடாது, தன்ர மட்டும் வரவேணும்.

அந்த நேரம் பாத்து மதுராவுக்கு இடம் கிடைச்சிட்டுது, அதுவும் எலெக்ட்ரோவில. வெள்ளிக்கிழமைக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு சொல்ல வேணும், சொல்லாட்டில் இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடும். மகள் சந்தோசத்தில துள்ளுறாள். நான் ஓம் எண்டு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கட தமிழ்ச் சங்கத்து மண்டபத்தில கல்விக் கூட்டம். பிள்ளையளுக்கு என்னென்ன படிப்பு இருக்கெண்டு சொல்ல அவவைக் கூப்பிட்டிருந்தினம். அவ வந்து, சுருக்கமா, எடுப்புச் சாய்ப்பு இல்லாமல் எல்லாத்தையும் சொன்னா. கிம்நாசியம் மட்டும் வழியில்லை, தொழில் படிச்சும் மேல போகலாம், ரெண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகுது எண்டா. சனம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுது.

பேந்து எழும்பினார் எங்கட மைக் அண்ணை. எந்தக் கூட்டமெண்டாலும் மைக்கைப் பிடிச்சால் விடமாட்டார், அதால அந்தப் பேர். அவரின்ர மகன் லண்டனில சித்தப்பா வீட்டில நிண்டு பெரிய படிப்புப் படிக்கிறான் எண்டு சாமிக்குப் பூப்போடுற மாதிரி நாள் தவறாமல் சொல்லுறவர்.

"நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவினம், கக்கூஸ் கழுவினம். எதுக்கு? பிள்ளையளும் ஸ்க்ரூ முறுக்கவோ?" எண்டார். சனம் கை தட்டிச்சுது. "எங்கட பிள்ளையளைக் கீழ தள்ளுறதுக்கு இப்ப வெள்ளைக்காரன் தேவையில்லை, எங்கட ஆக்களே போதும். ஊருக்கு உபதேசம் செய்யிறவை தங்கட பிள்ளையளை எங்க விட்டிருக்கினம் எண்டு இங்க எல்லாருக்கும் தெரியும்!"

எல்லாரும் அவவைத் திரும்பிப் பாத்தம். இப்ப என்ன சொல்லப் போறா? கோவிப்பாவோ, அழுவாவோ? அவ மேசையில இருந்த தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடிச்சா. கோப்பையைத் திருப்பி வைச்சா. "வேற கேள்வி இருக்கோ?" எண்டா. ஒருத்தரும் கேக்கேல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டா.

கள்ளம் இல்லாட்டில் வாய் திறந்திருக்க மாட்டாவோ? அண்டைக்கு மண்டபத்தில இருந்த எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சம்.

வீட்டை வந்து, "இந்த இடம் வேண்டாம். வேற கிம்நாசியம் பாத்து வகுப்பைத் திருப்பிப் படி" எண்டு மகளிட்டைச் சொன்னன். அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி விட்டிட்டாள்.

"அம்மா, எனக்கு இது விருப்பம். என்ர வாழ்க்கையில முதல் தரம் ஒரு ஆள் என்னை விருப்பம் என்ன எண்டு கேட்டது. நீங்கள் மைக் அங்கிளின்ர கதையைக் கேட்டு அதையும் பறிக்கப் போறீங்களோ?"

"அந்த மனிசி உன்னை ஏமாத்துறா, விசரி!"

"எப்பிடித் தெரியும்? கேட்டீங்களோ?"

அறைக்கதவை அடிச்சுச் சாத்தினாள். ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை, சாப்பாடும் ஒழுங்கில்லை. மகள் முகம் வாடினால் எனக்கு உலகமே இல்லை. ஆனால் அவளைக் கொண்டு போய்ப் பள்ளத்தில தள்ளவும் ஏலாது. செவ்வாய்க்கிழமை நான் தனியப் போனன், இடம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாறதுக்கு.

அவ அறையில தனிய இருந்தா. என்னைக் கண்டு "இருங்கோ" எண்டா. மண்டபத்துக் கதை ஒண்டும் எடுக்கேல்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் ஆராவது தங்கட பிள்ளையை இந்தப் படிப்புக்கு விட்டிருக்கினமோ? அதைத் தெரியாமல் நான் ஓம் எண்டு சொல்ல ஏலாது."

"அதை நான் சொல்ல ஏலாது."

"அப்ப நான் என்னெண்டு அறியிறது?"

மேசையில கிடந்த நாட்காட்டியைப் பாத்தா. "வியாழன் பின்னேரம் பெற்றோர் கூட்டம் இருக்கு. பழைய பிள்ளையளின்ர தாய் தேப்பனும் வருவினம், புது ஆக்களும் வரலாம். வந்து நீங்களே பாத்திட்டு வெள்ளிக்கிழமை சொல்லுங்கோ."

அதையும் நான் கேட்டபடியால்தான் சொன்னா. கேக்காட்டில் சொல்லியிருக்க மாட்டா.

வியாழன் போனன். மனிசன் வேலை, நானும் மதுராவும்தான். பின் கட்டிடத்துப் பட்டறையில கதிரை போட்டிருந்தினம். உள்ளுக்குக் கால் வைச்சவள் மதுராவின்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். கடைசி வரிசையில எங்கட கோயில் அன்னதானத்துக்குப் பொறுப்பான குடும்பம். அவையின்ர மகள் டுசில்டோர்ப்பில சட்டம் படிக்கிறாள் எண்டெல்லோ சொன்னவை! யன்னல் பக்கத்தில தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர், அவ என்னைக் கண்ட உடன தன்ர கைப்பைக்குள்ள எதையோ தேடத் துவங்கிட்டா. ஒவ்வொரு மூலையிலயும் எங்கட ஆக்கள், ஒருத்தரை ஒருத்தர் காணாத மாதிரி. எல்லாரும் என்னைப் போலத்தான், நசுக்கிடாமல் வந்து சேர்ந்தவை.

முன் வரிசையில, கோட்டுக் கொலரைத் தூக்கி விட்டுக்கொண்டு மைக் அண்ணை.

அவருக்கு முன்னால, நீல நிறப் பட்டறைக் கோட்டோட, ஒரு சேர்க்கிட் பலகையைப் பிடிச்சுக்கொண்டு புதுப் பெற்றோருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கிறான் அவரின்ர மகன். லண்டனில நிக்கிற அதே மகன்!

"வணக்கம் அன்ரி" எண்டான் பெடியன், சிரிச்சுக்கொண்டு. "மதுராவும் எலெக்ட்ரோவோ? நான் ரெண்டாம் வருசம். ஏதும் தேவையெண்டால் கேக்கச் சொல்லுங்கோ."

மைக் அண்ணைக்கு முகம் கறுத்துப் போச்சுது. "தங்கச்சி, இவன்... லண்டனால லீவில வந்தவன்" எண்டார்.

"ஓம் அண்ணை, லீவில பட்டறைக் கோட்டும் போட்டிருக்கிறார்" எண்டன். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பலகையை வாங்கி அவரின்ர தலையில போட்டிருப்பன். தன்ர பிள்ளையை இங்க விட்டிட்டு, மண்டபத்தில நிண்டு மற்றவையின்ர பிள்ளையளின்ர இடத்தைப் பறிக்கப் பாத்த பம்மாத்துக்காரன்! நான் அவரின்ர கதையை நம்பி இந்த இடத்தை விட்டிருந்தால் என்ர பிள்ளையின்ர கதி என்ன?

கூட்டம் நடந்தது எனக்குக் காதில ஏறேல்லை. நான் பின்னால கோப்பிப் போத்தலுக்குப் பக்கத்தில நிண்ட அவவைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். அந்த ஞாயிற்றுக்கிழமை இவவுக்கு எல்லாம் தெரியும். "அண்ணை, உங்கட மகன் எங்கட கல்லூரியில ரெண்டாம் வருசம் எல்லே?" எண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தால் மைக் அண்ணை மைக்கோட நிலத்துக்குள்ள போயிருப்பார். கை தட்டின பாதிப் பேரின்ர குட்டும் இவவின்ர கையிலதான் இருந்துது. தண்ணியைக் குடிச்சிட்டுப் போனவ.

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமல் கலைஞ்சு போன பிறகு, மதுராவை வாசலில நிக்கச் சொல்லிப்போட்டு நான் உள்ளுக்குப் போனன். அவ கோப்பையளை ஒண்டுக்குள்ள ஒண்டா அடுக்கிக்கொண்டிருந்தா.

"அக்கா, என்ர மகளுக்கு இந்த இடம் வேணும்."

"நல்லது" எண்டா.

"ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"அண்டைக்கு மண்டபத்தில ஏன் நீங்கள் வாய் திறக்கேல்லை?"

"அவர் ஒண்டும் கேக்கேல்லையே. அவர் சொன்னது கேள்வியில்லை."

எனக்கு இதுக்கு மேல அடக்க ஏலாமல் போச்சுது. இத்தினை நாளும் தொண்டைக்குள்ள நிண்டதைக் கேட்டன். "உங்கட மகன் என்ன படிக்கிறார் அக்கா?"

கையில இருந்த கோப்பையை மேசையில வைச்சா. அதின்ர விளிம்பை விரலால ஒருக்கால் தடவினா.

"எனக்குப் பிள்ளையள் இல்லை."

"ட்ராமில... உயர்ந்த பெடியன், புத்தகத்தோட..."

"அது ஆரெண்டு நான் சொல்ல ஏலாது."

எத்தினை பேரின்ர வாயில வளர்ந்த பிள்ளை அது! கண்ணாடியும் போட்டு, வயலினும் வாசிச்சு, ஹைடல்பேர்க்கில வீடும் எடுத்து இருந்த பிள்ளை. அந்தக் கதை இவவின்ர காதுக்கு வராமலா இருந்திருக்கும்? ஒவ்வொரு தரமும் அதைக் கேட்டுப்போட்டு வீட்டை போய் என்ன செய்திருப்பா? எனக்கு அழுகை வந்துது. சொல்ல என்ன வெக்கம், அழுதிட்டன்.

"ஏனக்கா இல்லையெண்டு ஒரு தரமாவது சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? என்னைப் பற்றி எல்லாரும் எல்லாரையும் கேட்டினம். என்னட்டை வந்து கேட்டது நீங்கள்தான்" எண்டா. கோப்பி மேசையில கிடந்த கடதாசித் துண்டை எடுத்து என்னட்டை நீட்டினா, கண்ணைத் துடைக்க. பேந்து திரும்பவும் கோப்பையளை அடுக்கத் துவங்கிட்டா.

மதுரா அந்தப் படிப்பை முடிச்சு, இப்ப லிஃப்ட் செய்யிற கொம்பனி ஒண்டில வேலையும் செய்துகொண்டு மேலயும் படிக்கிறாள். அந்த அக்கா வடக்குப் பக்கத்து நகரம் ஒண்டுக்கு மாறிப் போயிட்டா. ஏன் போனா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாட்டில் எங்கட சனம் விடுமோ? மகன் அங்க சொந்தமா கிளினிக் திறந்திட்டானாம், தாயைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறானாம்.

அவ என்னட்டைச் சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனிசனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை.

போன மாசம் ஒரு கலியாண வீட்டில சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன், பக்கத்துக் கதிரையில சாப்பாட்டுக் கோப்பையோட வந்து இருந்தார் மைக் அண்ணை. அவரின்ர பெடியன் இப்ப நல்ல வேலை, லண்டன் கதையை அவரும் மறந்திட்டார், நானும் ஞாபகப்படுத்திறதில்லை. சுத்திவரப் பாத்திட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்தக் கொலெக்கில இருந்த அக்காவோட உமக்குப் பழக்கமெல்லே? நல்ல மனிசி. நான் அப்பவே சொன்னனான்."

"ஓம் அண்ணை."

"அவவின்ர மகன் டொக்டராகியிட்டானாம். ஒரே பெடியன், நல்ல குணமாம். எங்கட கடைசி மகளுக்குச் சாதகக் குறிப்புப் பாத்தால் என்ன எண்டு மனிசி சொல்லுறா. பெடியனுக்கு ஏதும் பேசி முடிச்சிட்டினமோ? உமக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லுமன்."

வாய் நுனிவரைக்கும் வந்திட்டுது. ஒரு வசனம் போதும், மண்டபத்தில கை தட்டின எல்லாருக்கும் சேர்த்துக் குடுக்கலாம். ஆனால் அண்டைக்குக் கோப்பையின்ர விளிம்பைத் தடவின அவவின்ர விரல் கண்ணுக்குள்ள வந்து நிண்டுது. அவ என்னட்டைச் சொன்னது, நான் கேட்டபடியால்.

"அதை நான் சொல்ல ஏலாது அண்ணை" எண்டன்.

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய் மனிசியின்ர காதுக்கை ஏதோ சொன்னார். ரெண்டு பேரும் ஒண்டாத் திரும்பி என்னைப் பாத்தினம். அந்தப் பார்வையை எனக்கு நல்லாத் தெரியும், நானும் பாத்த பார்வைதானே. நான் தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடிச்சன்.